கண்ணாடித் தகட்டின் மேற்பரப்பு

புதிய கைத்தொலைபேசிகள் பலவற்றின் திரையைப் பின்னாலிருந்து எந்த விளக்கும் ஒளிரச் செய்வதில்லை. மின்னோட்டம் பாயும்போது திரையிலுள்ள பொருளே ஒளி காலுகின்றது. அப்பொருள் காபனை அடிப்படையாகக் கொண்ட சேதனச் சேர்வை. ஆதலால் இத்தகைய அமைப்பைச் சேதன ஒளிகாலும் சாதனம் என்பர்.

கலைப்பட்டதாரியான எனக்கு இப்பொருளிற் பேச யாது உரிமை எனச் சிலர் வினவலாம். இதைப் பற்றி எங்கோ படித்துவிட்டு வந்த உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, கண்ணாடியைக் கழுவினாற் போதாதா? அதற்குப் பிளாஸ்மா எதற்கு?" என்று கேட்டான். உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. தேடி அறிந்ததையே இங்கு கூறுகின்றேன்.

1987ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் ஈஸ்மன் கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்னும் ஆய்வாளர் இருவர், 10 வோல்ற்றுக்கும் குறைந்த அழுத்தத்தில் நன்கு ஒளிரும் சாதனமொன்றைப் பற்றிய செய்தியை வெளியிட்டனர். அதன் அடியிற் கண்ணாடி. அதன்மேல் ஒளி ஊடுருவும் மின்வாய். அதற்கு மேல் மிக மெல்லிய இரு சேதனப் படைகள். உச்சியில் மகனீசியமும் வெள்ளியும் கலந்த உலோக மின்வாய்.

உலோகம் மின்னைக் கடத்தும், ஒளியை மறைக்கும். கண்ணாடியோ ஒளிக்கு வழிவிடும், மின்னை மறுக்கும். ஒளிக்கும் மின்னுக்கும் ஒருங்கே வழிவிடும் பொருள்கள் அரியன. அவற்றுள் ஒன்று இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டு. நிறையளவில் ஏறத்தாழ ஒன்பது பங்கு இந்தியம் ஒட்சைட்டும் ஒரு பங்கு வெள்ளீய ஒட்சைட்டும் சேர்ந்தது அது. (இந்தியம் 1863இல் ஜேர்மனியிற் கண்டறியப்பட்ட உலோகம். அதன் நிறமாலையிலே தோன்றிய அவுரி நீலக் கோடே அதற்கு அப்பெயரை அளித்தது.)

இனி, இடர்ப்பாடு எங்கே எழுகின்றது என்று நோக்குவோம். ஒளி பிறக்க வேண்டுமாயின் ஒரு பக்கத்திலிருந்து இலத்திரன்கள் வரவேண்டும். மறுபக்கத்திலிருந்து 'துளைகள்' வரவேண்டும். துளை என்பது இலத்திரன் இல்லாத வெற்றிடமே. வகுப்பறையில் முன்வாங்கு மாணவன் எழுந்து வெளியேற, பின்னிருப்பவன் அவ்விடத்துக்கு நகர, அவனுக்குப் பின்னிருப்பவன் அவனிடத்துக்கு நகர்கின்றான் எனக் கொள்க. மாணவர் முன்னோக்கி நகர, வெற்றிடம் பின்னோக்கிச் செல்கின்றது. இவ்வாறே, ஒளி ஊடுருவும் மின்வாய் சேதனப் படையிலிருந்து இலத்திரனை வாங்கிக்கொள்ளும்போது துளை உள்ளே செல்கின்றது.

ஆனால் வாசலில் ஒரு படி உண்டு. சேதனப் படையின் இலத்திரன்கள் ஏறக்குறைய 5.4 இலத்திரன் வோல்ற்று ஆழத்தில் இருக்கின்றன. கழுவிய மின்வாயின் மட்டமோ 4.5 அளவில் நிற்கின்றது. இடையிலுள்ள படியை ஏறவே அழுத்தம் வீணாகின்றது. சாதனம் சூடேறி விரைவிற் கெடுகின்றது. மின்வாயின் மட்டத்தைச் சற்றே ஆழ்த்த முடியுமாயின் படி தாழும்.

தகட்டைச் சவர்க்கார நீரிலும் அசற்றோனிலும் அற்ககோலிலும் கழுவுவது வழக்கம். எனினும், காற்றிலிருந்து படிந்த காபன் அழுக்கு கண்ணுக்குத் தோன்றாத மென்சவ்வாக எஞ்சிவிடும். இங்கேதான் பிளாஸ்மா வேண்டப்படுகின்றது. தகட்டை அறையொன்றில் வைத்துக் காற்றை அகற்றி, மிகச் சிறிதளவு ஒட்சிசனை விட்டு, 13.56 மெகாஹேட்சு வானொலி அலையால் அதனை அதிரச் செய்கின்றனர். ஏறக்குறைய 22 மீற்றர் நீளமுள்ள அலை அது. சிற்றலை ஒலிபரப்பைக் கேட்டுப் பழகியவர்க்கு இவ்வெண் அந்நியமானதன்று! வாயு அயனாகி ஒளிர்கின்றது. அதில் இலத்திரன்கள் மட்டுமே பெருஞ்சூடு உடையன, தகடு உருகுவதில்லை. பிளவுண்ட ஒட்சிசன் அணுக்கள் காபன் அழுக்கைக் காபனீரொட்சைட்டு முதலிய வாயுக்களாக்கி அகற்றுகின்றன.

அழுக்கு நீங்குவது மட்டுமாயின் அதனை உயர்தரக் கழுவல் என்று சொல்லி அமைந்துவிடலாம். ஒட்சிசன் மேற்பரப்பிலும் தங்குகின்றது. எதிரேற்றம் சார்ந்த அப்படலம், இலத்திரன்களை மின்வாய்க்குள் இறுகப் பிடித்து அதன் மட்டத்தை ஆழ்த்துகின்றது. 1997இல் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இதனைத் தெளிவாக்கிற்று. ஒட்சிசன் பிளாஸ்மாவுக்கு உட்படுத்திய தகட்டில் அமைந்த சாதனத்துக்கு 20 வோல்ற்றுக்கு மேல் தேவைப்பட்ட அழுத்தம் 10க்கும் கீழே இறங்கிற்று, வினைத்திறன் நான்கு மடங்காயிற்று, ஆயுளும் நீடித்தது. ஐதரசனைக் கொண்டு செய்தபோதோ மட்டம் எதிர்த்திசையில் நகர்ந்தது. ஆகவே பிளாஸ்மா என்பது மட்டும் போதாது. எந்த வாயுவின் பிளாஸ்மா என்பதே முக்கியம். என் மாணவனுக்கு நான் கூறிய விடையும் இதுவே.

அளவு மீறினால் கேடும் உண்டு. இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டு மின்னைக் கடத்துவதற்குக் காரணங்களுள் ஒன்று, அதன் பளிங்கமைப்பில் ஆங்காங்கே ஒட்சிசன் குறைந்திருப்பதாகும். ஒட்சிசனை மிகையாகப் புகுத்தினால் அக்குறை நிரம்பி, கடத்துந்திறன் தாழும். அயன்களின் மோதலால் மேற்பரப்பு கரடாகவுங் கூடும். மேலும், பெற்ற நன்மை நிலையானதன்று. திறந்த காற்றில் வைத்தால் மணிக்கணக்கிலேயே அழுக்கு மீண்டும் படிந்து, மட்டம் பழைய நிலையை நோக்கித் திரும்பத் தொடங்கும். இதனாலேயே, பிளாஸ்மா அறையிலிருந்து எடுத்த தகட்டைக் காத்திருக்க விடாது, இயன்றால் வெளிக்காற்றுப் படாமலே, சேதனப் படை படியவைக்கும் வெற்றிட அறைக்குள் உடனே செலுத்திவிடுகின்றனர்.