84 மாத்திரையும் ஒரு சீட்டும்

எச்.ஐ.வி.க்கு ஆயுள் முழுக்க மாத்திரை. ஹெபடைட்டிஸ் சி-க்குப் பெரும்பாலும் பன்னிரண்டே வாரம். இரண்டும் ரத்தம் வழியே பரவும் ஆர்.என்.ஏ. வைரஸ்கள்தான். ஆனால் எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிட்டு ஒளிந்திருக்கும். கல்லீரலில் குடியேறும் ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கு அந்த வித்தை தெரியாது. பெருகவிடாமல் தடுத்தால் உடலைவிட்டே ஒழிந்துவிடும்.

மணிப்பூரிலும் பஞ்சாபிலும் ஊசியைப் பகிர்ந்து போதை மருந்து ஏற்றிக்கொள்பவர்களிடம் இவை பல நேரம் ஜோடியாகவே வருகின்றன. எச்.ஐ.வி. சேர்ந்திருந்தால் கல்லீரல் தழும்பேறி இறுகுவது வேகம் பிடிக்கும். முன்பு ஹெபடைட்டிஸ் சி-க்கு வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, 48 வாரம். காய்ச்சல், மனச்சோர்வு எல்லாம் கூடவே வரும். அத்தனையும் தாங்கினாலும் எச்.ஐ.வி. உள்ளவர்களில் பாதிப் பேர்கூடக் குணமாகவில்லை. 2013 இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை வந்தது, ஒன்று 1,000 டாலர். இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அது இலவசம்.

மருந்து இருக்கிறது, சரி. ஆள் வந்து சேர வேண்டுமே!

எச்.ஐ.வி. மருந்து வாங்க ஏ.ஆர்.டி. மையத்துக்குத் தவறாமல் வருகிறவரிடம் ஹெபடைட்டிஸ் சி எதிர்ப்பொருள் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பொருள் இருந்தால் வைரஸ் எப்போதோ உள்ளே வந்தது என்று பொருள்; இப்போது இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். அதற்கு ஒரு சீட்டு: பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்கே மறுபடி ரத்தம், முடிவுக்கு ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள். ஒவ்வொரு படியிலும் சிலர் நின்றுவிடுகிறார்கள். நாள் கூலி போவது ஒரு காரணம். எச்.ஐ.வி., போதை ஊசி என்று தன் கதையை முன்பின் தெரியாத மருத்துவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பது அதைவிடப் பெரிய தடை என்பேன்.

ஏ.ஆர்.டி. மையத்திலோ ஆலோசகர், மருந்தாளுநர், வருடக்கணக்கான பதிவேடு எல்லாம் ஏற்கெனவே உண்டு. எதிர்ப்பொருள் தெரிந்தால், எடுத்து வைத்த அதே ரத்தத்தில் ஆர்.என்.ஏ. பார்த்துவிடலாம், காசநோய்க்கு வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியே அதைச் செய்யும். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை ஏ.எஸ்.டி. என்ற நொதியின் அளவையும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்குப் போட்டே ஓரளவு சொல்லிவிடலாம். கல்லீரல் இறுகி முற்றிய சிரோசிஸ் உள்ளவர் மட்டும் நிபுணரிடம் போனால் போதும்.

சிகிச்சையை எவ்வளவு எளிமையாக்கலாம்? மின்மான் என்ற ஆய்வு இதைத்தான் சோதித்தது. தலைமை தாங்கியவர் சுனில் சாலமன். 1986-இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த சுனிதி சாலமனின் மகன். பிரேசில், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து, உகாண்டா, அமெரிக்கா என ஐந்து நாடுகளில் சோஃபோஸ்புவிர்-வெல்படாஸ்விர் மாத்திரைகள் 84-ஐயும் முதல் நாளே கையில் கொடுத்து அனுப்பினார்கள். வைரஸின் வகை பார்க்கவில்லை, இடையில் பரிசோதனைக்குக் கூப்பிடவில்லை, விசாரிப்பு மட்டும்தான். ஏறக்குறைய ஐந்தில் இருவருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தது. மருந்து தொடங்கிய 399 பேரில் 379 பேர் குணமானார்கள்.

ஏ.ஆர்.டி. மையத்திலேயே சிகிச்சை தந்தால் அங்குள்ள எச்.ஐ.வி. மருத்துவருக்கு ஒரு சாதகமும் உண்டு. எஃபாவிரென்ஸ் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்து வெல்படாஸ்விரின் அளவை ரத்தத்தில் பாதியாகக் குறைத்துவிடும். நோயாளி எதைச் சாப்பிடுகிறார் என்பது அந்த மருத்துவருக்குத்தான் முதலில் தெரியும். இப்போது பரவலாகத் தரப்படும் டோலுடெக்ராவிரோடு அந்தச் சிக்கல் இல்லை. இன்னொன்று, சி வைரஸ் ஒழிந்ததும் அதுவரை அடங்கிக் கிடந்த ஹெபடைட்டிஸ் பி தலைதூக்கலாம். டோலுடெக்ராவிரோடு அதே மாத்திரையில் சேர்ந்திருக்கும் டெனோஃபோவிரும் லாமிவுடினும் பி வைரஸையும் அடக்கி வைப்பவை. ஆகவே சிகிச்சையின் நடுவில் யாரும் அந்த எச்.ஐ.வி. மாத்திரையை அவசரப்பட்டு மாற்றிவிடக் கூடாது.

குணமானவருக்கு மறுபடி தொற்றாது என்ற உத்தரவாதம் கிடையாது. அதனால் புது சிரிஞ்சும், போதை ஊசிக்கு மாற்றாக நாக்கின் அடியில் வைக்கும் பூப்ரெனார்ஃபினும் எட்டும் தூரத்தில் கிடைக்க வேண்டும். அவருடைய எதிர்ப்பொருள் பரிசோதனை இனியும் பெரும்பாலும் 'பாசிட்டிவ்' என்றே காட்டிக்கொண்டிருக்கும். அடுத்த முறை அவருக்கு நேராக ஆர்.என்.ஏ. பார்த்துவிட வேண்டியதுதான்.