மைக்குள் மறையும் ஒளிப்படம்

அமெரிக்கக் கலைஞர் லோர்னா சிம்ப்சன் 1960இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். ஒளிப்படக் கலை பயின்ற அவருக்கு 1980களில் பெயர் வாங்கித் தந்தவை, படத்தோடு சில சொற்களையும் சேர்த்து அமைத்த படைப்புகள். 1986இல் வந்த ‘வாட்டர்பேரர்’ அவற்றில் புகழ்பெற்றது. வெள்ளை உடை அணிந்த கறுப்பினப் பெண் ஒருத்தி நமக்கு முதுகு காட்டி நின்று, ஒரு கையில் உலோகக் கூஜாவிலிருந்தும் மறு கையில் பிளாஸ்டிக் கேனிலிருந்தும் நீரைக் கொட்டுகிறாள். முகம் தெரியாது. ஒருவரைப் படம் பிடித்துவிட்டால் அவரை அறிந்ததாகிவிடுமா என்னும் ஐயம் அப்போதே அவர் கலையில் வேரூன்றிவிட்டது.

1990களின் நடுவில் ஒளிப்படத் தாளை விட்டு, ஃபெல்ட் எனும் அழுத்திய கம்பளித் துணியில் படங்களை ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் பதித்தார். இம்முறையில், சட்டத்தில் இறுக்கிக் கட்டிய மெல்லிய வலைத்துணியில் ஒளி பட்டால் இறுகும் ரசாயனக் குழம்பைப் பூசுவார்கள். அதன்மேல் படத்தின் பாசிட்டிவ் ஃபிலிமை வைத்து ஒளி பாய்ச்சினால், கருமை மறைத்த இடங்களில் மட்டும் குழம்பு இறுகாமல் நிற்கும். நீரில் கழுவும்போது அது கரைந்து வலைக்கண்கள் திறந்துகொள்ளும். ரப்பர் பட்டையால் மையை இழுத்தால், திறந்த கண்களின் வழியே அது கீழே இறங்கிப் படமாகும். சாம்பல் நிறச் சாயல்களுக்காகப் படத்தை முன்னதாகவே நுண்புள்ளிகளாகப் பிரித்துக்கொள்வார்கள். இவ்வாறு பதிந்த படம் வெறும் மைப்படலம்தான். அதன்மேல் தூரிகையும் ஓடலாம்.

அந்த வாய்ப்பைச் சிம்ப்சன் முழுமையாகப் பயன்படுத்தியது ஓவியங்களில். 2015 வெனிஸ் பியனாலேயில் அவை காட்சிக்கு வந்தன. கறுப்பின வாசகர்களுக்காகச் சிகாகோவிலிருந்து வெளிவந்த ‘எபனி’, ‘ஜெட்’ போன்ற பழைய இதழ்களும் செய்தி நிறுவனப் படங்களும் அவருக்கு மூலப்பொருள். அவற்றைப் பெரிதாக்கி, வெண்பூச்சிட்ட கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்து, நீலமும் கருமையுமான மையைப் படரவிடுகிறார். 2019இல் நியூயார்க்கில் நடந்த ‘டார்க்கனிங்’ கண்காட்சியின் ஓவியங்களில் துருவப் பனிப்பாறைகள் நிறைந்தன. அவற்றிடையே பெண் முகங்களும், படிக்க முடியாதபடி நறுக்கிய செய்தித்தாள் எழுத்துகளும் தலைகாட்டுகின்றன.

அச்சான புள்ளிகள் எங்கோ எடுத்த படத்துக்குச் சாட்சி சொல்ல, வழியும் மை அந்தச் சாட்சியத்தைக் கலைக்கிறது. இதழில் தலைப்போடும் விளக்கத்தோடும் வந்த முகம் இங்கே அவ்விரண்டையும் இழந்து, யாரென்று சொல்ல இயலாததாகிறது. முதுகு காட்டி நின்ற பெண்ணால் எழுந்த அதே ஐயத்தை, முகத்தைக் காட்டியே எழுப்ப ஸ்கிரீன் பிரிண்டிங் அவருக்கு வழிசெய்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2025இல் ‘சோர்ஸ் நோட்ஸ்’ என்ற பெயரில் இந்த ஓவியங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது.