முதல் டிகாக்ஷன் யாருக்கு?

காப்பியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத மனிதரைத் தமிழ்நாட்டில் காண்பது அரிது. காப்பியே குடிக்காதவர்களுக்குக்கூட அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கும். ஆனால் காப்பி போடுகிற பாத்திரத்தைப் பற்றி யோசித்தவர்கள் மிகச் சிலரே. கலியாணத்தின்போது சீராக வந்த பில்டர் எதுவோ, அதுவே ஆயுள் பரியந்தம் குடும்பத்துக்கு உழைக்கிறது. பிறகு ஒரு நாள் திடீரென்று, "இது போதாது; நல்லதாக ஒரு யந்திரம் வாங்கிவிட வேண்டியதுதான்" என்று வீட்டுத் தலைவர் தீர்மானம் செய்கிறார்.

அத்தகைய தீர்மானம் ஒன்று, தீபாவளிக்குச் சில நாள் முன்னதாக, காக்களூரில் உள்ள என் நண்பர் வீட்டில் நிறைவேறியது. காக்களூர் என்பது சென்னைக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், திருவள்ளூரை ஒட்டி இருக்கும் ஊர். ஏரி ஒன்றும், சிட்கோ தொழிற்பேட்டை ஒன்றும் அதன் அடையாளங்கள். நண்பர் அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் மேற்பார்வையாளர். மயிரிழை கனம் வித்தியாசம் வந்தாலும் உருப்படியைத் தள்ளிவிடுகிற ஆசாமி. தீபாவளி போனஸில் பெரும்பகுதியைக் கொடுத்து, மேல்நாட்டு முறையில் காப்பி போடும் மின்சார யந்திரம் ஒன்று வாங்க உத்தேசித்திருந்தார். "நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்" என்று எனக்குச் செய்தி அனுப்பினார். காப்பி விஷயத்தில் யோசனை சொல்ல அழைத்தால் மறுக்கிற சுபாவம் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலிலேயே புறப்பட்டுவிட்டேன்.

யந்திரங்களின் அணிவகுப்பு

நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்து மேஜைமீது மூன்று பாத்திரங்கள் வரிசையாக எழுந்தருளியிருந்தன. முதலாவது, நண்பருடைய தாயார் காலத்துப் பித்தளைப் பில்டர். இரண்டாவது, தினம் உழைக்கிற சிறிய எவர்சில்வர் பில்டர். மூன்றாவது, பட்டறையில் ஒருவரிடம் பரீட்சைக்காக இரவல் வாங்கி வந்த மின்சாரக் காப்பி யந்திரம். வாங்க உத்தேசித்த பெரிய யந்திரத்தின் படம் மட்டும் நண்பருடைய கைப்பேசியில் இருந்தது.

அந்தப் பெரிய யந்திரம் 'எஸ்பிரெஸோ' என்னும் இத்தாலிய வகையைச் சேர்ந்தது. காற்று மண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 9 மடங்கு அழுத்தத்தில் வெந்நீரைத் தூளுக்குள் செலுத்தி, 25 அல்லது 30 விநாடிக்குள் கெட்டியான காப்பியை எடுத்துவிடும். வேலை அருமையான வேலைதான். ஆனால் தூள் சற்றுப் பரபரவென்று இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். சற்று நைஸாகிவிட்டால் அடைத்துக்கொள்ளும். ஆகையால் அந்த யந்திரத்தை வாங்குகிறவர் அதற்கு இணையான அரைக்கும் யந்திரத்தையும் வாங்கியாக வேண்டும். யானை வாங்கியவர் அங்குசத்தோடு நிற்க முடியுமா? கொட்டகையும் போடத்தானே வேண்டும்?

இரவல் யந்திரம் வேறு ஜாதி. வெந்நீர் தூளின்மேல் சொட்டி, காகிதத்திலோ சல்லடையிலோ வடிந்து கீழே இறங்கும். காகிதத்தில் காப்பி வடிக்கும் முறையை 1908-ல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்னும் குடும்பப் பெண்மணி கண்டுபிடித்தார். அவர் வடித்தது பால் கலக்காமல் அப்படியே குடிக்கும் காப்பி. அந்த வகையில் ஒரு பங்கு தூளுக்குப் பதினைந்து, பதினாறு பங்கு தண்ணீர் விடுவார்கள். நம் வீட்டு டிகாக்ஷனுக்கோ ஒரு பங்குக்குச் சுமார் ஆறு பங்கு தண்ணீரே போதும். அந்த யந்திரத்தில் இறங்கியதை நண்பர் பாலில் கலந்தபோது, டம்ளரில் இருந்தது காப்பி என்று சத்தியம் செய்ய ஒருவரும் முன்வரவில்லை. யந்திரத்தின்மேல் குற்றம் இல்லை. அது பழகிய வேலை வேறு. நாம் கொடுத்த வேலை வேறு.

இத்தாலியில் 1933-ல் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி வெளியிட்ட 'மோக்கா' பாத்திரம் இந்த இரண்டுக்கும் நடுத்தரமானது. அடுப்பின்மேல் வைத்தால் நீராவியின் பலத்தால் வெந்நீர் தானே மேலேறித் தூளைக் கடந்து வரும். பாலுக்கு ஈடு கொடுக்கிற கெட்டிக் காப்பி அதில் கிடைக்கும். ஆனால் அலுமினியத்தில் செய்தது இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது. வாங்குவதற்கு முன்னால் உங்கள் வீட்டு அடுப்பு எது என்று பார்த்துக்கொள்வது நலம்.

பித்தளையும் எவர்சில்வரும்

"என்ன இருந்தாலும் பித்தளைப் பில்டர் காப்பி மாதிரி வருமா, தம்பி?" என்றார் நண்பருடைய தாயார்.

இதையும் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. ஒரே பொட்டலத்துத் தூள், ஒரே வெந்நீர், ஒரே பால். பித்தளையில் ஒன்று, எவர்சில்வரில் ஒன்று. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தோம். ஐந்து பேரில் ஒருவராலும் இது இன்னது என்று தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. தாயார் மட்டும் உறுதியாகச் சொன்னார். ஆனால் மாற்றிச் சொல்லிவிட்டார்!

பித்தளை சூட்டைக் காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பித்தளை, எவர்சில்வரைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் உலோகம். டிகாக்ஷன் சூடாக இறங்க வேண்டுமானால், எந்தப் பில்டராக இருந்தாலும் முதலில் வெந்நீர் விட்டு அலம்பிக்கொண்டால் போதும். அன்றியும், பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். அதுவும் வெள்ளீயம்; காரீயம் உதவாது. பூச்சுத் தேய்ந்த பித்தளையில் புளிப்புள்ள பானத்தை வைத்தால் செம்பும் துத்தநாகமும் அதில் கலக்கும். ஈயம் பூசுகிறவர் அகப்படுகிற ஊரில் பித்தளை இருக்கட்டும். மற்ற இடங்களில் எவர்சில்வரே உத்தமம். தாயாரின் பில்டரை ஒன்றும் செய்யவில்லை. புளி போட்டுத் துலக்கி அலமாரியில் மரியாதையாக வைத்துவிட்டோம்.

தூள் செய்த அற்புதம்

பிறகு நான் என் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தேன். வழியில் திருவள்ளூரில் கொட்டையை என் கண் முன்னால் அரைத்து வாங்கி வந்த தூள் அது. அதே எவர்சில்வர் பில்டரில் நண்பர் வீட்டு ஒரு மாதத்துத் தூளை ஒரு முறையும், இதை ஒரு முறையும் போட்டோம். இந்தத் தடவை ஒருவர்கூடத் தவறவில்லை. வெந்நீர் விட்ட கணத்திலேயே, வாசலில் இருந்த காலேஜ் படிக்கும் பெண், "அப்பா, இது வேறே தூள்!" என்று கொண்டு ஓடி வந்தாள்.

காரணம் எளிது. வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருக்கும் வாசனை, முழுக் கொட்டையாக இருக்கும் வரையில் சில வாரம் தாங்கும். அரைத்துவிட்டாலோ காற்றுப் படுகிற பரப்புப் பன்மடங்கு பெருகிவிடுகிறது; வாசனை நாளுக்கு நாள் பறந்துபோகிறது. நம் பாட்டிமார்கள் இரும்புச் சட்டியில் கொட்டையை வறுத்து, கைப்பிடி சுற்றும் மெஷினில் அன்றன்று அரைத்த இரகசியம் இதுதான்.

வீட்டில் அரைக்க விரும்புகிறவர்கள் மிக்ஸியை நம்ப வேண்டாம். அது வெட்டுகிறதே தவிர அரைப்பதில்லை. ஒரு பகுதி மாவாகிப் பில்டரின் துவாரங்களை அடைக்கும். ஒரு பகுதி நொய்யாக நின்று சாரத்தை விடாது. திருகையைப்போல் இரண்டு பற்களுக்கு இடையே நசுக்கி அரைக்கும் கருவி வேண்டும். அது கையால் சுற்றுவதாக இருந்தாலும் போதும். சோம்பலுக்கு அஞ்சுகிறவர்கள் மாதத்துக்கு ஒரு முறை வாங்குவதை விட்டு வாரத்துக்கு ஒரு முறை அரைத்து வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சிக்கரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது காப்பி அல்ல. ஒரு செடியின் வேரை வறுத்த பொடி. காப்பிக் கொட்டையைக் காட்டிலும் அதிகமாகத் தண்ணீரில் கரைவதால், நிறமும் கெட்டியும் தரும். அளவோடு சேர்ந்தால் பாலுக்கு ஒத்துப்போகும். ஆனால் சட்டப்படி காப்பி–சிக்கரிக் கலவையில் பாதிக்குச் சற்றுக் குறைவு வரையில், அதாவது 49 சதவீதம் வரையில், சிக்கரி இருக்கலாம். எனவே பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருக்கும் விகிதத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். சேர்வராயன் மலையிலும், நீலகிரியிலும், குடகிலும், சிக்கமகளூரிலும் நல்ல கொட்டை விளைகிறது. அதில் பெரும்பகுதி கப்பலேறிப் போகிறது. மேல்நாட்டு யந்திரத்துக்குப் பணம் தேடுகிற நாம், நம் மலைக் கொட்டையை நல்லதாகப் பார்த்து வாங்க நாலு காசு அதிகம் கொடுக்கத் தயங்குகிறோம்!

பாலைப் பற்றிக் காக்களூர்க்காரர்களுக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. ஆவின் பால் பண்ணை ஒன்று அந்த ஊரிலேயே இருக்கிறது. கும்பகோணத்து 'டிகிரி' காப்பிக்கே, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கருவி வைத்து டிகிரி பார்த்ததால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்லுவார்கள். கொழுப்பு 6 சதவீதம் உள்ள முழுக் கொழுப்புப் பால் டிகாக்ஷனின் கசப்பை அடக்கும்; 3 சதவீதம் உள்ள பாலுக்கு டிகாக்ஷன் சற்றுக் கெட்டியாக வேண்டும். பாலை மறுபடி மறுபடி கொதிக்க வைத்தால் இரண்டும் ஒன்றுதான்: ருசி போய்விடும்.

ஒரு டம்ளர் குறைந்தது

பரீட்சை எல்லாம் முடிந்தது. நண்பர், அவர் தகப்பனார், தாயார், பெண், நான் எல்லாரும் கடைசியாக ஒரு டம்ளர் நல்ல காப்பி குடித்தோம். சமையலறைப் பக்கம் தற்செயலாகத் திரும்பினேன். நண்பருடைய மனைவி பில்டரில் எஞ்சிய சக்கையின்மேல் மறுபடி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் புதுத் தூள் போட்டுக்கொள்ளவில்லையா, அம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்போதும் இரண்டாவது டிகாக்ஷன்தான், அண்ணா. பழகிவிட்டது" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அவரும் தொழிற்பேட்டையில்தான் வேலை பார்க்கிறார். விடியற்காலையில் எழுந்து, ஆறு மணி ஷிப்டுக்குக் கணவரை அனுப்பி, மாமனார் மாமியாருக்குக் காப்பி கொடுத்து, பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பி, எட்டு மணிக்குத் தாமும் புறப்படுகிறவர்.

நண்பர் ஒன்றும் பேசவில்லை. மேஜைமேல் இருந்த சின்னப் பில்டரைக் கையில் எடுத்து, பட்டறையில் உருப்படியைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது அவர்கள் கலியாணத்தின்போது வாங்கியது. மூன்று டம்ளருக்கு மேல் அதில் டிகாக்ஷன் இறங்காது. வீட்டில் காப்பி குடிப்பவர்களோ ஐந்து பேர். இத்தனை வருஷமாக அந்தக் குறைச்சலை யார் ஈடு செய்தார்கள் என்பதற்குக் கணக்குப் பண்டிதர் வேண்டியதில்லை.

இரண்டாவது டிகாக்ஷன் என்பது வெறும் நீர்த்த காப்பி என்று நினைக்காதீர்கள். முதல் வெந்நீரிலேயே வாசனையும், இனிப்பும், இதமான புளிப்பும் இறங்கிவிடுகின்றன. பின்னால் வருவது பெரும்பாலும் மரச் சுவையும் கசப்புந்தான்.

பிறகு நாங்கள் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம். நேயர்களுக்கும் அது உபயோகப்படும். ஒரு டம்ளருக்கு 8 கிராம் தூள். 35 மில்லி டிகாக்ஷன். ஐந்து டம்ளருக்கு 40 கிராம் தூள். 175 மில்லி டிகாக்ஷன். தூள் தன் எடையைப்போல் இரண்டு பங்கு தண்ணீரைக் குடித்துவிடும். அது 80 மில்லி. ஆகச் சுமார் 250 மில்லி வெந்நீர் விட வேண்டும். பில்டரின் மேல் பாத்திரத்தில் அந்தத் தூளும், பாதி வெந்நீராவது ஒரே தடவையில் கொள்ள வேண்டும். கீழ்ப் பாத்திரத்தில் 175 மில்லி நிறைந்த பிறகும், மேல் பாத்திரத்தின் அடிப்பாகம் டிகாக்ஷனைத் தொடக் கூடாது. தொட்டால் இறங்குவது நின்றுவிடும். துவாரங்கள் சிறியவையாகவும் ஒரே சீராகவும் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். இரண்டு பாத்திரமும் பொருந்தும் இடம் ஆடக் கூடாது. தண்டு வைத்த ஓட்டைத் தட்டினால் தூளை மெதுவாகச் சமன் செய்தால் போதும். பலத்தைக் காட்ட வேண்டாம்.

அதற்காகத் தேவைக்கு மேல் பெரியதாகவும் வாங்கக் கூடாது. அகலமான பில்டரில் கொஞ்சம் தூள் போட்டால், படுகை மெல்லியதாகித் தண்ணீர் ஓடிவிடும். காலைக்குப் பெரியது ஒன்று, பிற்பகலுக்குச் சிறியது ஒன்று. இரண்டும் சேர்ந்து அந்த யந்திரத்தின் விலையில் ஒரு மூலைக்குக் காணாது.

போனஸ் பணம் பெண்ணின் காலேஜ் சம்பளத்துக்குப் போயிற்று. திருவள்ளூர்க் கடைவீதியில் சில நூறு ரூபாய்க்கு ஒரு பெரிய எவர்சில்வர் பில்டர் வாங்கினோம். இரவே தூளைப் போட்டு மூடி வைத்துவிடுவது, காலையில் முதலில் எழுந்திருப்பவர் வெந்நீர் ஊற்றுவது என்று ஏற்பாடாயிற்று.

ஒரு வாரத்துக்குப் பிறகு நண்பர் டெலிபோனில் கூப்பிட்டார். அன்று காலை அவரே முதலில் எழுந்து, வெந்நீர் ஊற்றி, முதல் டிகாக்ஷனில் முதல் டம்ளரைக் கலந்து மனைவியிடம் கொடுத்தாராம். அந்த அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"இதில் கசப்பே இல்லையே! சரியாகத்தான் போட்டீர்களா?" என்று கேட்டாராம்.

நேயர்களே! உங்கள் வீட்டுக்குக் காப்பிப் பாத்திரம் வாங்கப் புறப்படுமுன், கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால், வீட்டில் கடைசியாகக் காப்பி குடிப்பவர் யார் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு போங்கள். அளவு தானே தெரிந்துவிடும்.