ஒரு மில்லிமீட்டர் விலகினால் கத்தும் பெல்ட்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எந்தக் காடிப் பட்டறையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "அண்ணே, ஏர்கோன் கம்ப்ரசர் மாத்தினதுல இருந்து கீச்கீச்னு கத்துது. புது பெல்ட் போட்டும் நிக்கல." அதற்குப் பெரும்பாலும் வரும் பதில்: "மட்டமான பெல்ட்டா இருக்கும் தம்பி, வேற போட்டுப் பாப்போம்." இரண்டாவது பெல்ட்டுக்கும் காசு போகும். சில வாரங்களில் அதுவும் கத்தும். குற்றம் பெல்ட்டில் இல்லை. அது ஓடும் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்காததுதான் காரணம்.

பாகம் மாற்றி ஓட்டுவது நம் பக்கத்தில் புதிதல்ல. 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் இருந்தது மிட்சுபிஷி வடிவமைத்த எஞ்சின். 2004இல் கேம்ப்ரோ என்ற சொந்த எஞ்சின் வரும்வரை சாகா, ஈஸ்வரா, வீரா என்று பெரும்பாலான புரோட்டோன் கார்கள் அந்தக் குடும்பத்து எஞ்சின்களில்தான் ஓடின. அதனால் ஜப்பானிலிருந்து ஹாஃப்கட்டாக, அதாவது பாதியாக வெட்டப்பட்டு, வந்திறங்கும் பழைய கார்களின் ஆல்டர்னேட்டரும் கம்ப்ரசரும் இங்கே எளிதில் பொருந்தின. தோட்டத்திலிருந்து ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் போல்ட் துளை பொருந்திவிட்டால் எல்லாம் பொருந்திவிட்டது என்று எண்ணுவதில்தான் சிக்கல். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ஆல்டர்னேட்டர்களில் புல்லியின் அகலமும், அது முன்னே துருத்தி நிற்கும் அளவும் வேறுபடலாம்.

இந்தச் சிறு வேறுபாடு ஏன் பெரிதாகிறது என்று பாருங்கள். எஞ்சின் நேரடியாகச் சுழற்றும், 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிராங்க் புல்லி நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது பெல்ட் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. அதாவது மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். பெல்ட்டின் நீளம் ஒரு மீட்டர் என்றால், ஒரு மணி நேரப் பயணத்தில் அதன் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 80,000 முறை ஒவ்வொரு புல்லிக்குள்ளும் நுழைந்து வெளியேறும். நுழையும்போதெல்லாம் பக்கச் சுவரில் உரசினால் என்ன மிஞ்சும்?

இத்தனைக்கும் பழைய பெல்ட்டுகள் இப்படி அழுது அடம்பிடிக்கவில்லை. பெஸ்தாரி ஜெயா அருகே தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். அந்தக் காலத்து ஆலைகளில் ஒரே எஞ்சின் ஒரு நீண்ட தண்டைச் சுழற்றும். தண்டிலிருந்து தட்டையான பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் ஓட்டும். தட்டைப் பெல்ட்டை ஓரத்தில் தடுத்துப் பிடிக்க எதுவுமில்லை. ஆனாலும் கழன்று விழாது. புல்லியின் நடுப்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மேடாகக் கடைந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

மேட்டிலிருந்து பெல்ட் சரிந்து விழுந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. பெல்ட் ஒரு பக்கம் விலகியதும் சரிவின் மேல் படிகிறது. மேட்டை ஒட்டிய விளிம்பில் இழுவிசை கூடுவதால் பெல்ட் சற்றே வளைகிறது. அப்படி வளைந்த பெல்ட்டின் அடுத்த பகுதி புல்லியைத் தொடும் இடம் மேட்டுக்கு இன்னும் கொஞ்சம் அருகே அமைகிறது. சுற்றச் சுற்ற மேலேறி, உச்சியை அடைந்ததும் இரு பக்க இழுவையும் சமமாகி நின்றுவிடுகிறது. தண்டுகளில் சிறு கோணல் இருந்தாலும் பெல்ட் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். இயந்திரவியலில் இவ்வளவு எளிமையான, அழகான ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதே 1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் ரப்பரும் நூலும் சேர்த்த வி வடிவ பெல்ட்டை உருவாக்கினார். ஆப்பு போல் பள்ளத்துக்குள் இறங்குவதால் அதன் பிடி பெருகுகிறது. பள்ளத்தின் கோணம் 40 பாகை என்றால் தட்டைப் பெல்ட்டைவிட உராய்வு ஏறத்தாழ 3 மடங்கு பலன் தரும். குறுகிய எஞ்சின் அறைக்குள் சிறிய புல்லியை வைத்தே ஆல்டர்னேட்டரைச் சுழற்ற முடிந்தது இதனால்தான். ஆனால் பள்ளத்தில் சிக்கிய பெல்ட் நகர்ந்து தன்னைத் திருத்திக்கொள்ள வழியில்லை. கோணல் முழுவதையும் தேய்மானமாகவும் சூடாகவும் சத்தமாகவும் அதுவே தாங்கியாக வேண்டும்.

இன்றைய கார்களில் உள்ள பல கோடு பெல்ட்டில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி 3.56 மில்லிமீட்டர்தான். இரண்டு புல்லிகளுக்கு நடுவே 20 சென்டிமீட்டர் தூரம் இருந்து, ஒன்று 1 மில்லிமீட்டர் முன்னே நின்றால் கோணல் ஏறத்தாழ 0.3 பாகை. வி பெல்ட் அரைப் பாகை வரை பொறுக்கும் என்பது பொது அளவு. பல கோடு பெல்ட் மூன்றில் ஒரு பாகையிலேயே கத்தத் தொடங்கலாம். ஆக, ஒரு மில்லிமீட்டரிலேயே எல்லைக்கு வந்துவிடுகிறோம். கம்ப்ரசர் மாற்றிய பிறகு 3 மில்லிமீட்டர் விலகியிருப்பதெல்லாம் சாதாரணம்.

கோணலா தளர்வா என்று கண்டுபிடிக்க ஒரு தண்ணீர்ப் புட்டி போதும். எஞ்சின் ஓடும்போது கை, துணி, தலைமுடி எதுவும் நெருங்காமல், பெல்ட்டின் கோடுள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். சத்தம் உடனே அடங்கி, காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லி கோணல். சத்தம் கூடினால் பெல்ட் தளர்வு. பெல்ட்டில் அடிக்கும் ஒட்டு ஸ்பிரேயை மட்டும் வாங்காதீர்கள். அது சத்தத்தைச் சில நாள் மறைத்துவிட்டு, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அளப்பதற்கு எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, நேரான இரும்புச் சட்டத்தைக் கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்து மற்றப் புல்லி வரை நீட்டிப் பார்ப்பார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: புல்லி விளிம்பின் தடிமன் காருக்குக் கார் வேறு. விளிம்பு நேராக இருந்தும் பள்ளம் விலகியிருக்கலாம். விளிம்பிலிருந்து முதல் பள்ளம் வரையுள்ள தூரத்தை இரு புல்லியிலும் அளந்து கழித்தால்தான் உண்மை தெரியும். பள்ளத்திலேயே பொருத்திப் பார்க்கும் லேசர் கருவியும் உண்டு. அதற்கு முன் பெல்ட் ஒரு கோடு தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. பல நேரம் கதை அதோடு முடிந்துவிடும்.

கம்ப்ரசர் புல்லி பின்னே நிற்பது தெரிந்தால் அதன் பிராக்கெட்டுக்குப் பின்னால் வாஷர் போடலாம், தவறில்லை. ஆனால் எல்லா போல்ட்டிலும் ஒரே தடிமன் வேண்டும். கைக்கு எட்டிய ஒரு போல்ட்டில் மட்டும் இரண்டு வாஷர் செருகினால் கம்ப்ரசரே சாய்ந்து, பின்னே நின்ற புல்லி இப்போது தலைகுனிந்து நிற்கும். இது முந்தைய கோளாறைவிட மோசம். இதே பெல்ட் தண்ணீர் பம்பையும் ஓட்டும் காராக இருந்தால், அது அறுந்த சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்துவிடும். இரவில் ஈஜோக் சாலையில் செம்பனைக்கு நடுவே யாரும் அப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது.

எல்லாம் நேராக இருந்தும் பெல்ட் கத்தினால் கிராங்க் புல்லியைச் சந்தேகியுங்கள். பல எஞ்சின்களில் அது மூன்று பாகம்: நடுக்குடம், வெளிவளையம், இரண்டையும் ஒட்டிவைத்திருக்கும் ரப்பர். சூட்டிலும் எண்ணெய்க் கசிவிலும் ரப்பர் இற்றுப்போனால் வெளிவளையம் குடத்தின் மேல் வழுக்கி, மெல்ல முன்னே நகரும். குடத்திலிருந்து வளையம் வரை வெள்ளைப் பெயின்ட்டில் ஒரே கோடு இழுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் மாற்ற வேண்டியது கிராங்க் புல்லியைத்தான்.