வீட்டுக்கு டிரெட்மில்லா, சைக்கிளா?

கம்ப்யூட்டர் சர்வீஸுக்காகப் போகும் வீடுகளில் என்னிடம் இப்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி கம்ப்யூட்டரைப் பற்றியதே அல்ல. "சார், டிரெட்மில் வாங்கலாம்னு இருக்கோம். இதே யுபிஎஸ்ல மாட்டிக்கலாமா?" என்கிறார்கள். தர்மபுரி டவுனில் மட்டுமல்ல, பென்னாகரம், பாலக்கோடு பக்கமும் கேட்கிறார்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதன் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். முதுகு வலி, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் பின்னாலேயே வருகின்றன. ஒரு மெஷின் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது.

யுபிஎஸ் கேள்விக்குப் பதில்: கூடவே கூடாது. ஒரு ஹெச்பி என்பது 746 வாட்ஸ். 2 ஹெச்பி மோட்டார் என்றால் ஏறக்குறைய 1,500 வாட்ஸ். வீட்டில் கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்ஸ்தான் தாங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டிகளில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிரெட்மில்லிலும் அதே கதைதான். 'பீக் ஹெச்பி' என்பது மோட்டார் ஒரு கணம் எட்டும் அளவு. நீங்கள் பார்க்க வேண்டியது 'கன்டினியஸ் ஹெச்பி', அதாவது தொடர்ந்து ஓடும்போது கிடைக்கும் சக்தி. டிஸ்ப்ளேயில் வரும் கலோரிக் கணக்கை நான் பெரிதாக நம்புவதில்லை. அது ஒரு உத்தேசம்தான்.

நம் மாவட்டத்துக்காரர்கள் இதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது 2013ல்தான். அதற்கு முன் பல வருடங்கள் போர் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்கள்தான் இன்று நம் வீட்டுப் பெரியவர்கள். ஃபுளோரைடு எலும்பில் படிந்தால் எக்ஸ்ரேயில் எலும்பு அடர்த்தியாகத் தெரியும், ஆனால் அது பலமான எலும்பு என்று அர்த்தமில்லை. மூட்டுகளைச் சுற்றியுள்ள தசைநார்களும் இறுகிவிடலாம். அப்படிப்பட்டவரை ஓடும் பெல்ட்டின் மேல் ஏற்றுவது ஆபத்து.

பென்னாகரம் அருகே ஒரு வீட்டில், பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன் அப்பாவுக்காக ஆன்லைனில் டிரெட்மில் ஆர்டர் செய்யத் தயாராக இருந்தார். பெரியவரால் கழுத்தை மட்டும் திருப்ப முடியவில்லை. முழு உடம்பையும் திருப்பித்தான் என்னோடு பேசினார். "தம்பி, முதல்ல ஐயாவை தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போய் எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். டாக்டர் சம்மதித்த பிறகு, முதுகைச் சாய்த்து உட்காரும் சீட் உள்ள சைக்கிள் வாங்கினார்கள். "முட்டி அப்படியேதான் இருக்கு. ஆனா ராத்திரி தூக்கம் வருது, மனசு லேசா இருக்கு" என்கிறார் பெரியவர்.

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. உடற்பயிற்சி மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறிகளைக் குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் வருட வழிகாட்டுதலே சொல்கிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சி போதும். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. மிதமான வேகம் என்பது அதுதான்.

சைக்கிள் வாங்குவதாக இருந்தால் மேக்னடிக் ரெசிஸ்டன்ஸ் உள்ளதைக் கேளுங்கள். பிரேக் கட்டை தேயும் பிரச்சினை இல்லை, சத்தமும் குறைவு. சாதாரண மாடல்களுக்குக் கரண்ட்டே தேவையில்லை. டிஸ்ப்ளேக்கு இரண்டு பென்சில் செல் போதும். சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். காலை முழுதாக நீட்ட வேண்டியிருந்தால் சீட்டை இறக்குங்கள்.

டிரெட்மில்தான் என்று முடிவு செய்தவர்கள் சேஃப்டி கீயின் கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் ஏறாதீர்கள். குழந்தைகள் உள்ள வீடு என்றால் பயிற்சி முடிந்ததும் கீயைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். பணம் கட்டும் முன், சர்வீஸ் ஆள் தர்மபுரியில் இருக்கிறாரா, சேலத்திலிருந்து வர வேண்டுமா, வந்துபோகும் செலவு யாருடையது என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.