அடும்புக்கு இடம் விட்டுச் சவுக்கு நடுங்கள்

வேதாரண்யம் கடற்கரையில் ‘காடு’ என்று சொன்னால் ஆளுக்கொரு காடு கண்ணுக்குத் தெரியும். வனத்துறைக்காரருக்கு அது பதிவேட்டில் ஏறிய சவுக்குத் தோப்பு. மீனவருக்குப் படகு ஏற்றும் வழியை அடைக்கும் வேலி. அவர் மனைவிக்கு அடுப்பெரிக்க மிளார் கிடைக்கும் இடம். மணல்மேட்டுக்கு உள்பக்கம் கடலையும் முல்லையும் போடுகிற விவசாயிக்கு உப்புக்காற்றைத் தடுக்கும் சுவர். இவர்களை ஒரு தடவையாவது உட்கார வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கடலோரத்தில் ஒரு கன்றை ஊன்ற வேண்டும் என்பது என் கட்சி.

நான் பிறந்து வளர்ந்தது கீழப்பழுவூர். ஆலந்துறையார் கோயிலும் சிமெண்ட் லாரிகளின் புழுதியுமாக இருந்த ஊரிலிருந்து வேதாரண்யத்துக்கு வடக்கே ஒரு கடலோரக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். எங்கள் அரியலூர்ப் பக்கம் தைலமரத்தை வரிசை வரிசையாக நட்டு அதையும் காடு என்றுதான் சொல்வார்கள். அதற்கு அடியில் ஆடு கடிக்கப் புல் முளைக்காது. அதைப் பார்த்து வளர்ந்தவளுக்குச் சவுக்குத் தோப்பைக் கண்டதும் சந்தேகம் வருவது இயல்பு.

ஆனால் சவுக்கைச் சும்மா திட்டிவிட்டுப் போக முடியாது. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற நாலுவேதபதியில் 2002 டிசம்பரில் ஊரே திரண்டு ஒரே நாளில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டது. கின்னஸ் சாதனைக்காகச் செய்த காரியம். இரண்டு வருடம் கழித்து, 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அது கொண்டுபோனது. நாலுவேதபதி பெரிய சேதமில்லாமல் தப்பியதற்கு அந்த மரங்களே காரணம் என்று ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். கடலூர் மாவட்டக் கடற்கரையில் நடந்து 2005-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வும், அலையாத்திக் காட்டுக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னால் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்றே சொன்னது.

அதற்குப் பிறகு தமிழகக் கடற்கரை நெடுகச் சவுக்கு நடும் வேலை மும்முரமாக நடந்தது. எங்கள் பக்கத்து மனத்தாங்கல் அப்போது தொடங்கியதுதான். நட வந்தவர்கள் சில இடங்களில் மேட்டை மட்டம் தட்டினார்கள். மேட்டில் படர்ந்த அடும்புக் கொடியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அலை நாக்கு படுகிற தூரம் வரைக்கும் குழி போட்டார்கள். வலை உலர்த்திய இடம் போனது. கருவாடு காயப்போட்ட களம் போனது. கரைவலை இழுக்கத் திறந்த வெளி வேண்டும், அதுவும் சுருங்கியது.

என் மாமியார் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. கடலுக்கும் தோப்புக்கும் நடுவே மிச்சமிருந்த மேட்டுக்கு ஒருநாள் என்னைக் கூட்டிப்போய் அடும்புக் கொடி ஒன்றைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது. ஒவ்வொரு வேரும் ஒரு பிடி மணலைக் கவ்விக்கொண்டே மேலே வந்தது. பக்கத்தில் ராவணன் மீசை, ஊசி ஊசியாக. அதன் காய்ந்த விதைப்பந்து காற்றில் உருண்டு போய், தடுக்கிய இடத்தில் விதையைப் போட்டுவிடும். அந்தத் தூறு காற்று கொண்டுவரும் மணலைப் பிடித்து வைக்கும். அதன்மேல் இன்னும் கொஞ்சம் மணல், அப்புறம் இன்னும் கொஞ்சம். மேடு இப்படித்தான் வளர்கிறது.

“இது புடிச்சு வச்சாத்தாம்மா மேடு. இத சொரண்டிட்டு மரத்த நட்டா, மரம் நிக்கும், மேடு நிக்காது” என்றார்.

“அப்ப சவுக்கே வேணாங்கிறீங்களா அத்தை?”

“வேணாம்னு யாரு சொன்னா? உள்ள தள்ளி நடு. மொதல்ல கொடி, அப்புறம் தாழை, அதுக்குப் பின்னால பனை, புன்னை. அதுக்கும் பின்னால ஒன் சவுக்கு.”

நான் கேட்டதிலேயே நல்ல கடற்கரைத் திட்டம் இதுதான். சுனாமியைக் கண்ணால் பார்த்தவர்கள் பலரும் இதே பேச்சுத்தான் பேசுகிறார்கள்: மேடு முழுசாக இருந்த இடத்தில் தண்ணீர் மெதுவாக ஏறியது, மேட்டை வெட்டி வழி விட்டிருந்த இடத்தில் அந்த வழியாகவே பாய்ந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது சவுக்கும் தென்னையும் முறிந்தும் வேரோடு சாய்ந்தும் விழுந்தன. அடும்பு தரையோடு தரையாகக் கிடக்கிற கொடி. அதைக் காற்று எங்கே பிடித்துச் சாய்ப்பது!

மேட்டின் இன்னொரு வேலையும் பலருக்குத் தெரிவதில்லை. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைப்பது இதனால்தான். ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் மணல்மேடுகளிலிருந்து குடிதண்ணீர் எடுத்துவருகிறது. எங்கள் பக்கமோ ராத்திரியில் டிராக்டர் வைத்து மேட்டை அள்ளி, வீட்டுக்கு அஸ்திவாரம் நிரப்புகிறார்கள். இதற்கு அரசாங்கத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அள்ளுவது ஊர்க்காரர், வாங்குவதும் ஊர்க்காரர்தான்.

பங்குனி ஆமைக்காகவும் ஒரு வார்த்தை. அது முட்டையிடத் திறந்த மணல் வேண்டும். கரையோரம் வரை சவுக்கு நட்ட இடங்களில் ஆமை ஏறுவது குறைகிறது என்று வட தமிழகக் கடற்கரை ஆய்வு ஒன்று 2009-ல் சொல்லியிருக்கிறது.

தெற்கே கோடியக்கரையில் கேள்வியே வேறு. வெளிமானுக்காக 1967-ல் அறிவித்த சரணாலயம் அது. அங்கே இருப்பது யாரும் நட்டு வளர்க்காத பாலை மரக்காடு. அந்தக் காட்டில் பாலைப்பழம் பொறுக்கி விற்ற கதையைக் கோடியக்காட்டுப் பக்கத்து வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். காட்டைக் காப்பதில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. சீமைக்கருவேலை வெட்டும் வேலையையாவது எங்களுக்குக் கொடுங்கள், வெட்டியதை விறகுக்கு எடுத்துக்கொள்ள விடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்பது. நியாயமான கோரிக்கை.

ஊர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் வாதாடவில்லை. வேல்ஸ் நாட்டில் நியூபரோ என்ற இடத்தில் 1940-களின் கடைசியில் மணல்மேட்டின்மேல் பைன் மரம் நட்டார்கள். பிற்பாடு, மேட்டை மீட்க ஒரு பகுதி மரங்களை வெட்டலாம் என்று நிபுணர்கள் சொன்னபோது ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். சிவப்பு அணில் வாழ்கிற, தாங்கள் நடந்து பழகிய காடு அது. அங்கே நிபுணர் மேட்டின் பக்கம், ஊர் மரத்தின் பக்கம். எங்கள் ஊரில் இது தலைகீழாக இருக்கிறது. இரண்டு இடத்திலும் முதலில் திட்டம் போட்டுவிட்டு அப்புறம் ஊரிடம் பேசப் போனால் சண்டைதான் மிஞ்சும்.

திட்டம் போடுகிறவர்களைக் கேட்க வைக்க முடியாது என்று சோர்ந்து போகவும் வேண்டாம். நாகை மாவட்டத்து எளிய மக்கள் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடினார்கள். காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011-லும் 2019-லும், மணல்மேடுகளை மிகவும் பாதுகாக்க வேண்டிய முதல் வகையில்தான் வைத்திருக்கிறது. ஆனால் உங்கள் ஊர் மேடு வரைபடத்தில் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். ஆகவே கடலோரத்துச் சகோதர சகோதரிகளே, வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். கடற்கரை மண்டல வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்லி, நம் மேடு அதில் இருக்கிறதா, படகு ஏற்றும் இடம் எது, கொடி படர விடும் இடம் எது, சவுக்கு நடும் இடம் எது என்று பார்த்து எழுதித் தீர்மானம் போடுங்கள். பெண்கள் கட்டாயம் போங்கள்.