நோயுற்ற கட்டியை நாடும் கதிர்கள்

இரத்தத்திலுள்ள கழிவைச் சிறுநீரகங்கள் ஓயாது நீக்குவதை நாம் வகுப்பறையிலே கற்றோம். அவ்வுறுப்புக்களிலே நீர்க்கட்டிகள் நூற்றுக்கணக்கிற் பெருகும் பரம்பரை நோயொன்றுண்டு. வளர்ந்தோரிடத்தே பெரிதுங் காணப்படும் வகையிலே, பெற்றோருள் ஒருவருக்கு நோயிருப்பின் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது வரும் வாய்ப்புச் சரிபாதியாகும்.

இத்தகைய நோயாளிக்குக் கடுங்காய்ச்சலும் விலாநோவுங் கண்டால், கட்டியொன்றிற் கிருமி புகுந்திருக்கலாம். ஆனால், எக்கட்டியில்? வளர்ந்த கட்டிகள் சிறுநீர்க் குழாய்களினின்றும் துண்டிக்கப்பட்டிருத்தலால், சிறுநீரிற் கிருமி தென்படாமலும் போகலாம். கழியொலிப் படமும் சீ.ரீ. படமும் வடிவத்தைக் காட்டுமேயன்றி, குருதி கசிந்த கட்டியையும் சீழ்கொண்ட கட்டியையும் எப்பொழுதும் தெளிவாகப் பிரித்துக் காட்டா. ஈரலிலும் கட்டிகள் இருக்கக்கூடுமாதலின், குற்றமற்ற சிறுநீரகத்தைத் தண்டிக்கும் அபாயமும் உண்டு.

இவ்விடத்தே கதிர்த்தொழிற்பாடு துணைக்கு வருகின்றது. 1923இல் எவெசி என்னும் அறிஞர், கதிர்வீசும் ஈயத்தைத் தாவரம் உறிஞ்சும் வழியைத் தொடர்ந்து கண்டறிந்தார். அவருக்கு 1943ஆம் ஆண்டிற்குரிய இரசாயன நோபெற் பரிசு வழங்கப்பட்டது. மருத்துவர் கையாள்வதும் அத்தத்துவமே.

முன்னர் கலியம்-67 பயன்பட்டது. அது சிறுநீரகத்தாலும் குடலாலும் வெளியேறுதலால் மயக்கம் விளைந்தது. பின்னர், நோயாளியின் வெண்குழியங்களைப் பிரித்து, இந்தியம்-111ஐ அவற்றோடு சேர்த்து, மீண்டும் உடலிற் செலுத்தினர். கிருமியை எதிர்க்கும் அக்குழியங்கள் நோயுற்ற இடத்தையே நாடிச் சென்று திரளும். மறுநாள் எடுக்கும் படம் அவ்விடத்தைக் காட்டும்.

இன்று சிறந்து விளங்குவது புளோரீன்-18 சேர்ந்த குளுக்கோசுப் போலியாகும். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 110 நிமிடம். அழற்சிக் கலங்கள் குளுக்கோசைப் பேராவலுடன் உட்கொள்ளுதலால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நோயுற்ற கட்டியின் சுவர் வளையம்போல் ஒளிரும். உடன் எடுக்கும் சீ.ரீ. படம் அதன் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும். எனினும், புற்றுநோயும் இவ்வாறே ஒளிருமாதலின், படத்தை மாத்திரம் நம்பித் தீர்ப்புக் கூறுதல் தகாது.

இடந் தெரிந்தபின் வழியும் தெளிவாகும். கட்டியினுட் புகவல்ல சிப்ரோபுளொக்சசின் போன்ற மருந்தை வாரக்கணக்கிற் கொடுப்பர். அதற்கும் தணியாவிடின், அந்த ஒரு கட்டியையே ஊசியாற் குத்தி வடிப்பர். நூற்றுக்கணக்கானவற்றுள் ஒன்றை அறிந்தமையாற் சிறுநீரகமும், சிலவேளை உயிருமே காக்கப்படுகின்றன.

பௌதிகம், இரசாயனம், உயிரியல் என நாம் தனித்தனியே பயின்ற பாடங்கள் நோயாளியின் படுக்கையருகே ஒன்றாகின்றன. இன்று அவற்றைப் பயிலும் இளஞ் சகோதரர் இதனை மனத்திற் கொள்வாராக.